கண்ணுக்குச் சரி, காதுக்குப் பிழை: அச்சில் படிக்க இயலாதவர்களுக்குத் தமிழ் நூல் தயாரிப்பதில் நேரும் தவறுகள்

‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழ் என்றுதான் தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடருக்கு எழுத்துருவின் வடிவம் தெரியாது. கோப்புக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாய்விட்டுப் படிக்கும். தமிழ் வாசகர் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஆங்கில எழுத்துகளின் உளறல்தான் கேட்கும்.

தமிழ் நூல்களை அச்சில் படிக்க இயலாதவர்களுக்குத் தயாரிக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

அச்சில் படிக்க இயலாதவர் என்றதும் முழுப் பார்வையற்றவரை மட்டும் நினைத்துக்கொள்வதே முதல் தவறு. குறைபார்வை உள்ளவர்கள், எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள், தசைச் சிதைவாலோ மூளை முடக்குவாதத்தாலோ புத்தகத்தைக் கையில் பிடித்துப் பக்கம் திருப்ப முடியாதவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். பிரெயில் ஒருவருக்கு உதவும், இன்னொருவருக்கு உதவாது. ஆகவே ‘எந்த வடிவில் கொடுக்கலாம்’ என்று தொடங்குவதைவிட, எந்த வடிவத்துக்கும் மாற்றக்கூடிய ஒரு சுத்தமான மூலக் கோப்பைத் தயாரிப்பதிலிருந்து தொடங்குவது நல்லது. அது கையில் இருந்தால் மின்நூல், பெரிய எழுத்து, பிரெயில், ஒலி எல்லாம் அதிலிருந்தே பிறக்கும். அது பிழையாக இருந்தால் அந்தப் பிழையும் எல்லா வடிவத்துக்கும் போய்ச் சேரும்.

யூனிகோடுக்கு மாற்றினால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை

பழைய டிடிபி கோப்புகள் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று பல குறியேற்றங்களில், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறைகளில், கிடக்கின்றன. பேஜ்மேக்கரில் செய்த நூல்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய யூனிகோடை அந்த மென்பொருள் ஏற்காது. இவற்றை மாற்ற இலவசக் கருவிகள் நிறைய உண்டு. கோளாறு கருவியில் இல்லை, அதைப் பயன்படுத்தும் முறையில்தான்.

ஒரே நூலில் உள்ளடக்கம் ஒரு எழுத்துருவிலும் தலைப்புகள் இன்னொன்றிலும் அடிக்குறிப்புகள் மூன்றாவதிலும் இருப்பது சர்வசாதாரணம். மூன்றும் வெவ்வேறு குறியேற்றமாக இருக்கலாம். முழுக் கோப்பையும் அப்படியே அள்ளி ஒரே மாற்றியில் போட்டால் உள்ளடக்கம் தேறும், தலைப்புகள் குப்பையாகும். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்துகளாகச் சிதறும். முதலில் கோப்பில் என்னென்ன எழுத்துருக்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். வேர்டில் எழுத்துருவை வைத்தே தேட முடியும். ஒவ்வொரு எழுத்துருவுக்கு உரிய பகுதியையும் தனித்தனியே மாற்றுங்கள். ஆங்கிலப் பகுதிகளைத் தொடாதீர்கள்.

மாற்றி முடித்த பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. தமிழுக்கே உரிய இரண்டு பொறிகளில் ஏறக்குறைய எல்லாக் கோப்புகளும் விழுகின்றன.

முதலாவது, ரகரமும் துணைக்காலும். பழைய அச்சில் ர், ரி, ரீ ஆகியவற்றைக் கீழ்ச் சாய்கோடு இல்லாமல், துணைக்கால் போலவே வடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் தட்டச்சர்கள் துணைக்காலை அடித்து மேலே புள்ளியோ சுழியோ வைத்துவிடுவார்கள். யூனிகோடிலும் அது தொடர்கிறது. ‘காரியம்’ என்று இருக்க வேண்டியது ‘காாியம்’ என்று இருக்கும். ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகியிருக்கும். பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியவே தெரியாது. வாசிப்புக் குரலோ அந்த இடத்தில் தடுமாறும், ஒலியை விழுங்கும், அல்லது குறியின் பெயரைச் சொல்லும். ‘அவர் வந்தார்’ என்பதில் இரண்டு இடத்திலும் மரியாதை விகுதி காணாமல் போனால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? நல்லவேளையாக இது திருத்த எளிது. துணைக்காலை அடுத்துப் புள்ளி, இகரக் குறி, ஈகாரக் குறி வருவது தமிழில் எங்குமே சரியில்லை. ஆகவே ‘ா்’, ‘ாி’, ‘ாீ’ ஆகிய மூன்றையும் தேடி முறையே ‘ர்’, ‘ரி’, ‘ரீ’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

இரண்டாவது, ஔகாரம். இங்கே கண்ணை மூடக் கூடாது. ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் பார்க்க ஒன்றாக இருப்பதால் ‘கௌரி’யை ஒற்றைக் கொம்பு, ளகரம் என்று பிரித்து ‘கெளரி’ என அடிக்கிறார்கள். ‘ஔவை’யை ‘ஒளவை’ என்கிறார்கள். குரல் அதை ‘கெ-ள-ரி’, ‘ஒ-ள-வை’ என்று நிறுத்தி நிதானமாகப் படிக்கும். ‘ஔவை’ என்று சரியாகத் தேடும் மாணவிக்கு அவள் கிடைக்கவும் மாட்டாள். சரி, ‘கெள’ எல்லாவற்றையும் ‘கௌ’ என்று மாற்றிவிடலாமா? மாற்றினால் கெளுத்தி மீன் செத்துப்போகும். ‘ஒள’ எல்லாவற்றையும் மாற்றினால் ஒளி அணைந்துவிடும். வட்டார வழக்கு நாவலில் ‘வெளக்கு’, ‘வெளயாட்டு’ என்று எழுதியிருப்பார் ஆசிரியர், அவையும் பாழாகும். ஒவ்வொரு இடத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். 200 பக்க நூலில் இதற்கு ஒரு மணி நேரம் ஆனால் அதிகம்.

இன்னும் சில சில்லறைப் பொறிகள் உண்டு. தமிழ் எண்ணான ௧ வர வேண்டிய இடத்தில் ககரம், எகரம் வர வேண்டிய இடத்தில் ௭. அழகுக்காகத் தலைப்பை ‘மு ன் னு ரை’ என்று எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அடிப்பது. குரல் அதை ஒவ்வோர் எழுத்தாக உச்சரிக்கும். இடைவெளி வேண்டுமென்றால் எழுத்து இடைவெளி என்ற வடிவமைப்பு வசதியைப் பயன்படுத்துங்கள், ஸ்பேஸ் பாரைத் தொடாதீர்கள்.

பிடிஎஃப் இருக்கிறதே, போதாதா?

அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃபையே கொடுத்துவிடலாம் என்று பதிப்பாளர்கள் நினைக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அச்சு பிடிஎஃபின் வேலை, மையை எங்கே வைப்பது என்று சொல்வது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என்று அது கவலைப்படுவதில்லை. யூனிகோடிலேயே செய்த இன்டிசைன் கோப்பிலிருந்து எடுத்த பிடிஎஃபிலும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகியவை இடம் மாறி உட்கார்ந்திருக்கக் கூடும், ஏனென்றால் அச்சில் அவை தாம் சேரும் எழுத்துக்கு முன்னால் வருகின்றன. கோப்பிலோ பின்னால் வர வேண்டும்.

சோதிக்க அரை நிமிடம் போதும். பிடிஎஃபில் ‘கொடுத்தேன்’, ‘பெயர்’, ‘கௌரவம்’ போன்ற சொற்கள் உள்ள ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அப்படியே வந்தால் பிழைத்தீர்கள். புள்ளி வட்டங்களோடு உடைந்து வந்தாலோ, ஆங்கில எழுத்துகளாக வந்தாலோ, எதுவுமே வராவிட்டாலோ அந்தப் பிடிஎஃப் பார்வையுள்ளவர்களுக்கு மட்டும்தான்.

சொற்கள் சரியாக வந்தாலும் பிடிஎஃபுக்கு இன்னொரு குறை இருக்கிறது. பக்கத்தின் அகலம் மாறாது. குறைபார்வை உள்ளவர் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். பத்து வரிக்குமேல் யாருக்கும் பொறுமை இருக்காது. இபப் வடிவ மின்நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடிந்துகொள்ளும். பிடிஎஃப்தான் தர முடியும் என்ற நிலை வந்தால், வேர்டிலிருந்து ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ வழியாக எடுங்கள். ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியாக எடுத்தால் தலைப்பு, பட்டியல் போன்ற உள்கட்டமைப்பு எல்லாம் உதிர்ந்துவிடும்.

மூலக் கோப்பே இல்லாத நூல்கள்

கையில் அச்சுப் பிரதி மட்டும்தான் இருக்கிறது என்றால் ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் ஓசிஆர் செய்ய வேண்டும். அதற்குமுன் ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் பலவும் தட்டச்சிட்ட உரையாகவே இருக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் ஏராளமாகத் தமிழ் விக்கிமூலத்தில் உள்ளன. சிலவற்றில் மெய்ப்புப் பார்த்தும் முடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே யாரோ செய்ததை மறுபடி முதலிலிருந்து செய்வது வீண்.

ஸ்கேன் என்று வந்தால் 300 டிபிஐக்குக் குறையக் கூடாது. அடிக்குறிப்பு எழுத்து சிறியதாக இருந்தால் 400. கைபேசியில் படமெடுத்தால் நடு மடிப்பருகே எழுத்துகள் வளையும். அந்த ஓரத்தில் ஓசிஆர் கதை கட்டத் தொடங்கும். இரண்டு பக்கத்தை ஒரே படமாகக் கொடுத்தால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒட்டிக்கொண்டு வரலாம். பக்கம் பக்கமாக வெட்டிக் கொடுங்கள். மேலே ஓடும் நூல்தலைப்பையும் பக்க எண்ணையும் உரையிலிருந்து பிரித்தெடுக்காவிட்டால், கதாநாயகி அழுதுகொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவே நூலின் பெயரும் ‘நூற்றுப் பதினேழு’ம் ஒலிக்கும்.

தமிழ் ஓசிஆரில் பலரும் கவனிக்காதது வரிமுறிவுதான். ஆங்கில நூல்களில் சொல் வரி இறுதியில் உடைந்தால் ஒரு சிறுகோடு இருக்கும். தமிழ் அச்சில், பழைய நூல்களில் குறிப்பாக, சொல்லை எந்தக் குறியும் இல்லாமல் உடைத்து அடுத்த வரியில் தொடர்வார்கள். வரி இறுதியில் ‘வந்த’ என்று இருக்கிறது. அடுத்த வரி ‘வன்’ என்று தொடங்குகிறது. இது ‘வந்தவன்’. இன்னோரிடத்தில் வரி இறுதியில் ‘வந்த’, அடுத்த வரி ‘பையன்’. இங்கே இரண்டு சொல். எல்லா வரிகளையும் இடைவெளி விட்டு இணைத்தால் சொற்கள் உடையும். இடைவெளியில்லாமல் இணைத்தால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். மென்பொருள் ஓரளவு ஊகிக்கலாம். முடிவு செய்ய வேண்டியவர் மெய்ப்புப் பார்ப்பவர். இதற்கு நேரம் ஒதுக்காமல் ‘ஓசிஆர் முடிந்தது’ என்று கோப்பை அனுப்பும் பழக்கம்தான், ஸ்கேன் செய்த நூல்களைக் கேட்கச் சகிக்காமல் ஆக்குகிறது. மெய்ப்பில் ஒ/ஓ, எ/ஏ, ண/ன, ஐ/ஜ ஆகிய இணைகளுக்கும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதற்கும் தனிக் கவனம் தேவை.

செய்யுளில் இதற்கு நேர்மாறு. அங்கே வரிமுறிவு யாப்பின் பகுதி. குறளின் இரண்டு அடிகளையும் ஒரே வரியாக ஒட்டிவிடக் கூடாது. மூலமும் உரையும் மாறி மாறி வரும் பதிப்புகளில் தடித்த எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். காதுக்குத் தடிப்பு தெரியாது. மூலம், பதவுரை, விளக்கம் ஒவ்வொன்றுக்கும் அச்சில் சிறுதலைப்பு இல்லாவிட்டால் தனி நடைப்பெயர் (ஸ்டைல்) கொடுத்து, எங்கே எது தொடங்குகிறது என்று ஒரு சொல்லால் குறியுங்கள்.

தடித்த எழுத்து தலைப்பாகாது

பார்வையுள்ளவர் புத்தகத்தைப் புரட்டுவார். ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர் புரட்டுவதற்கு ஒரே வழி தலைப்புகள். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவர் எச் விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் நிறுத்தினால் அது தலைப்பு ஆகிவிடாது, இன்னொரு பத்திதான். வேர்டில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்ற நடைகளைப் பயன்படுத்த வேண்டும். இயலுக்கு 1, உட்தலைப்புக்கு 2. எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக 1-லிருந்து 4-க்குத் தாவக் கூடாது. அளவை நடையிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பக்க எண்களைத் தூக்கி எறிவது அடுத்த தவறு. ‘மின்நூலுக்குப் பக்கம் எதற்கு’ என்று கேட்பார்கள். வகுப்பில் ஆசிரியர் ‘பக்கம் 87-ஐத் திறங்கள்’ என்கிறார். ஆய்வேட்டில் மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டும். அச்சுப் பதிப்பின் பக்கங்கள் தொடங்கும் இடங்களை இபபில் குறித்துவைக்க வழி இருக்கிறது. எந்த அச்சுப் பதிப்பை வைத்துக் குறித்தீர்கள் என்பதையும் ஐஎஸ்பிஎன்னோடு எழுதிவையுங்கள். இரண்டாம் பதிப்பில் பக்கம் மாறியிருக்கும்.

அடிக்குறிப்பை நட்சத்திரக் குறியிட்டுப் பக்க அடியில் கையால் அடிப்பது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் வாக்கியத்தின் நடுவே குறிப்பு குறுக்கிடும். வேர்டின் அடிக்குறிப்பு வசதியைப் பயன்படுத்தினால் வாசகர் விரும்பினால் போய்ப் படித்துவிட்டுத் திரும்பலாம். அட்டவணைகளை டேப் விசையால் வரிசைப்படுத்தாமல் உண்மையான அட்டவணையாக, முதல் வரியைத் தலைப்பு வரியாகக் குறித்துச் செருகுங்கள்.

மொழிக்குறியை மறந்தால் அத்தனையும் வீண். கோப்பு ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைத் தாண்டிக்கொண்டு போகலாம். வாசகருக்கு முழு மௌனம், நடுநடுவே எண்கள் மட்டும். வேர்டில் எல்லாவற்றையும் தேர்ந்து ரிவ்யூ பகுதியில் மொழியைத் தமிழாக்குங்கள். நீண்ட ஆங்கில மேற்கோள்களை மட்டும் ஆங்கிலமாகத் திருப்பிக் குறியுங்கள். இபபின் நூல்விவரத்திலும் மொழி தமிழ்தானா என்று பாருங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்த வேர்டு கோப்பை, அணுகத்தக்க நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான டெய்சி கூட்டமைப்பு இலவசமாகத் தரும் வேர்டுடுஇபப் கருவியில் போட்டால் இபப் கிடைக்கும். அதை இபப்செக், ஏஸ் என்ற இரண்டு சோதிப்பான்களிலும் ஓட்டுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: ஏஸ் பச்சைக்கொடி காட்டினால் கட்டமைப்பு சரி என்று மட்டும் பொருள். ‘காாியம்’ அதன் கண்ணில் படாது.

படத்துக்கு ‘படம் 3’ என்று எழுதுவது

படத்துக்கு மாற்றுரை, அதாவது படத்துக்குப் பதிலாகக் குரல் படிக்க வேண்டிய விளக்கம், எழுதச் சொன்னால் ‘படம் 3’ என்றோ ‘வரைபடம்’ என்றோ எழுதிவிடுகிறார்கள். சிலர் எதிர்த் திசையில் போய் மேகத்தின் நிறம்வரை வருணிப்பார்கள். அந்தப் படம் அந்தப் பக்கத்தில் ஏன் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைநீர்த் தொட்டியின் படம் என்றால், ‘கூரையிலிருந்து குழாய் வழியே வரும் நீர் முதலில் வடிகட்டித் தொட்டிக்குள் விழுகிறது, அதில் கீழிருந்து மேலாகக் கூழாங்கல், சிறுகல், மணல் என மூன்று அடுக்கு, வடிந்த நீர் அடிக்குழாய் வழியாகக் கிணற்றுக்குப் போகிறது’ என்பது போதும். நீல வானமும் தென்னைமரமும் தேவையில்லை. வெறும் அலங்காரக் கோலத்துக்கு மாற்றுரையே வேண்டாம், அலங்காரம் என்று குறித்துவிடுங்கள். எழுத்தையே படமாக வைத்திருந்தால் (கல்வெட்டு, கையெழுத்துக் கடிதம், விளம்பரம்) அந்த வாசகத்தை முழுமையாகத் தட்டச்சிட வேண்டும்.

மாற்றுரையை வடிவமைப்பாளர் தலையில் கட்டாதீர்கள். அந்தப் படத்தின் பொருள் தெரிந்தவர் ஆசிரியர். கைப்பிரதியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

ஜெராக்ஸில் பெரிதாக்கியது பெரிய எழுத்து நூலா?

ஏ4 தாளை ஏ3-க்குப் பெரிதாக்கினால் எழுத்து 1.41 மடங்காகும். 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்து பதினைந்தரைப் புள்ளியாகும்; பெரிய எழுத்து நூலுக்குப் பொதுவாக எதிர்பார்க்கும் 18 புள்ளிக்கு எட்டாது. தாளோ மேசையை அடைத்துக்கொள்ளும், எழுத்தின் ஓரங்கள் மங்கும். புதிதாகவே வடிவமைக்க வேண்டும்.

தமிழில் புள்ளி அளவை மட்டும் நம்பவும் முடியாது. ஒரே 18 புள்ளியில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சின்னதாகவும் தெரியும். அச்சிட்ட தாளில் ‘ப’ எழுத்தின் உயரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எழுத்துருவை மாற்றுங்கள். அதைவிட முக்கியம் மெய்யெழுத்தின் புள்ளி. ‘க’வையும் ‘க்’ஐயும் பிரிப்பது அந்த ஒரு பொட்டுதான். பல அழகிய எழுத்துருக்களில் அது கடுகளவு. குறைபார்வை உள்ளவருக்கு அது இல்லாததற்குச் சமம். புள்ளி பெரிதாக, எழுத்திலிருந்து விலகி நிற்கும், கோட்டுத் தடிமன் ஒரே சீராக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

இருபுறமும் சீராக்குவதை விட்டுவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு நாலைந்து சொல்தான் பிடிக்கும். அதை இருபுறமும் இழுத்தால் சொற்களின் நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கும் இந்த இடைவெளிகள்தான் பெருந்தொல்லை. இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தி, வரி இடைவெளியை ஒன்றரையாக வையுங்கள். சாய்வெழுத்து வேண்டாம். பளபளப்பில்லாத, பின்பக்க எழுத்து தெரியாத தாள். மேசையில் விரித்தால் மூடிக்கொள்ளாத கட்டு.

பிரெயிலில்

கணினியில் பொத்தானை அழுத்தினால் பிரெயில் வந்துவிடும் என்பது பாதி உண்மை. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில்தான் தமிழும் எழுதப்படுகிறது. யூனிகோடு உரையை அதற்கு மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. அதில் உயிர்க்குறிகள் ஒலிக்கும் வரிசையில், மெய்யின் பின்னால் வரும். மெய்யெழுத்துக்குரிய புள்ளிக் குறியோ எழுத்துக்கு முன்னால் வரும். மேலே சொன்ன ‘ஒளவை’யும் ‘அவா்’உம் திருத்தப்படாமல் போனால் விரலுக்கும் அதே பிழைதான் தட்டுப்படும். காதில் கேட்டவர் ஊகித்துக்கொள்ளலாம். இங்கே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

பருமனைக் கணக்கிடாமல் தொடங்குவது இன்னொரு தவறு. 11-க்கு பதினொன்றரை அங்குலத் தாளில் வரிக்கு 40 கட்டம் (ஒரு பிரெயில் குறிக்கான இடம்), 25 வரி. ஆக 1,000 கட்டம். 200 பக்கத் தமிழ் நூலில் பக்கத்துக்கு 220 சொல், சொல்லுக்கு இடைவெளியோடு 10 கட்டம் என்று வைத்தால் 4,40,000 கட்டம். வரி இறுதிகளிலும் பத்திகளிலும் வீணாவது போக 550 பிரெயில் பக்கம் வரும். இருபுறமும் பொறித்தாலும் 275 தாள். ஒரே கட்டாகக் கட்டினால் தூக்கவும் முடியாது, அடுக்கினால் கீழே உள்ள புள்ளிகள் நசுங்கவும் செய்யும். மூன்று நான்கு தொகுதிகளாக, இயல் முடியும் இடத்தில் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நூல்பெயரையும் தொகுதி எண்ணையும் பிரெயிலிலும் அச்சிலும் போடுங்கள். அலமாரியில் எடுத்துக் கொடுக்கும் நூலகர் பார்வையுள்ளவராக இருக்கலாம். மெய்ப்பு மட்டும் பிரெயிலில் சரளமாகப் படிப்பவர்தான் பார்க்க வேண்டும்.

ஒலிநூலில் குரல் வளம் இரண்டாம் பட்சம்

44,000 சொல் கொண்ட நூலை நிமிடத்துக்கு 100 சொல் என்று படித்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதை ஒரே எம்பி3 கோப்பாகக் கொடுத்தால் ஐந்தாம் இயலைத் தேடுவதற்குள் விடிந்துவிடும். குறைந்தபட்சம் இயலுக்கு ஒரு கோப்பு, பெயரின் முன்னால் 01, 02 என்ற எண். டெய்சி என்ற பேசும் நூல் வடிவில் செய்தால் தலைப்புக்கும் பக்கத்துக்கும் நேராகத் தாவலாம். அதற்கான ஓபி என்ற மென்பொருள் இலவசம். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ போதும், மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி. இசை சேர்க்காதீர்கள்.

தன்னார்வலர்கள் படிக்கும்போது இரண்டு பழக்கங்களைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஒன்று, நாடகம் போடுவது. பாடநூலை மூன்று மடங்கு வேகத்தில் கேட்பவர்கள் உண்டு, அந்த வேகத்தில் தழுதழுத்த குரல் புரியாது. மற்றது, நூலைத் திருத்துவது. கெட்ட வார்த்தையை விழுங்குவது, முன்னுரை சலிப்பு என்று விடுவது, ‘இது அவர்களுக்குப் புரியாது’ என்று அட்டவணையைத் தாண்டுவது. நூலில் உள்ளது முழுவதும் வாசகருக்கு உரியது. அட்டைப் பின்பக்கக் குறிப்புவரை படிக்க வேண்டும். பெயர்களின் உச்சரிப்பைப் பதிவுக்கு முன்பே பட்டியலிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்; மூன்று பேர் படித்தால் ஒரே ஊருக்கு மூன்று பெயர் வரும்.

உரிமை பற்றிய இரண்டு தவறுகள்

இந்தியாவில் இரு முனையிலும் தவறு நடக்கிறது. பதிப்பாளரின் அனுமதி கிடைக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று நூலகங்கள் காத்திருக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த பிரிவு 52(1)(இசட்பி), மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை அணுகத்தக்க வடிவில் ஆக்குவதை உரிமை மீறல் அல்ல என்கிறது. சட்டம் வரையறுக்கும் அமைப்புகள், அரசு ஏற்ற கல்வி நிறுவனங்கள், நூலகங்கள் ஆகியன லாபமின்றி, தயாரிப்புச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு வழங்கலாம். லாபத்துக்குச் செய்பவர்களுக்குத்தான் 31பி பிரிவின்படி உரிமம் தேவை.

அடுத்த முனையில், சட்டம் அனுமதிக்கிறதே என்று கோப்பை வாட்ஸாப் குழுவில் போடுகிறார்கள். அதே பிரிவு, பிரதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டுமே போகவும் பொதுச் சந்தையில் கலக்காமல் இருக்கவும் நியாயமான நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. குழுவில் போட்ட கோப்பு ஒரு வாரத்தில் யார் யாரிடமோ இருக்கும், அந்தப் பதிப்பாளர் இனி மூலக் கோப்பையே தர மாட்டார். இந்தியாவின் சுகம்ய புஸ்தகாலயா, சர்வதேச புக்‌ஷேர் போன்ற நூலகங்கள் வழியாக, சான்று காட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் போகும்படி வழங்குங்கள். பதிப்பாளர் திருட்டுப் பதிப்புக்கு அஞ்சினால் இந்த ஏற்பாட்டை அவருக்கு விளக்குங்கள். மின்நூலை அவரே விற்பதானால், வாசிப்புக் குரலை முடக்கும் பூட்டு எதையும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டிய பரிமாற்றத்துக்கும் வழி உண்டு. 2013-இல் ஏற்கப்பட்ட மராக்கேஷ் உடன்படிக்கையை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014-இல். சிங்கப்பூர் 2015-இலும் இலங்கை 2016-இலும் சேர்ந்தன. சென்னையில் தயாரித்த கோப்பை யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ உள்ள உரிய அமைப்புக்கு இதன்கீழ் அனுப்ப முடியும். ஒரே நாவலை மூன்று ஊரில் மூன்று குழு தனித்தனியே ஸ்கேன் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

கடைசி மெய்ப்பு காதால்

வெளியிடுமுன் நூலைக் கேட்டுப் பாருங்கள். முழுவதும் முடியாவிட்டால் ஆறு பக்கம்: பொருளடக்கம், உரையாடல் நிறைந்த பக்கம், அடிக்குறிப்புள்ள பக்கம், அட்டவணை, செய்யுள், ஆங்கிலம் கலந்த பக்கம். கணினியில் மின்நூலைத் திறக்கும் தோரியம் ரீடரும் என்விடிஏயும் போதும், இரண்டும் இலவசம். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற ஸ்க்ரீன் ரீடர். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரல் இயந்திரத்தனமானது என்று ஒதுக்காதீர்கள். வேகத்துக்காக அதையே விரும்பிப் பயன்படுத்துவோர் பலர். இனிய குரலில் நழுவிப்போகும் பிழை அதில் பட்டென்று கேட்கும்.

பிறகு அன்றாடம் ஸ்க்ரீன் ரீடரில் படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அச்சு மெய்ப்புக்குக் கொடுக்கும் அதே கூலியை அவருக்கும் கொடுங்கள். அவர் குறித்த பிழைகளை மின்நூலில் மட்டும் திருத்தாமல் மூலக் கோப்பிலும் திருத்தி, தேதியிட்டுச் சேமியுங்கள். அடுத்த அச்சுப் பதிப்புக்கு வடிவமைப்பாளர் கேட்கும்போது பழைய கோப்பை அனுப்பிவிட்டால், ‘காாியம்’ மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.